ஜிம்மி செருப்பைக் கடிக்கவில்லை

எங்கள் ஃபிளாட்ஸில் மொத்தம் 48 வீடு. தண்ணீர் லாரிக்கும் கார் பார்க்கிங்குக்கும் சண்டை போட்டது போக மிச்ச நேரத்தில், சங்கச் செயலாளர் ஏதாவது போட்டி வைப்பார். போன வருஷம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பு போட்டார். உங்களுக்குப் பிடித்த மிருகப் படத்தை அனுப்புங்கள், நன்றாகச் சிரிக்க வைக்கிற படத்துக்கு ஒரு பிரஷர் குக்கர் பரிசு. ஜட்ஜ், நான்.

"பத்திரிகைல எழுதறீங்க. உங்களுக்கு இல்லாத டேஸ்ட்டா ஸார்!" என்றார். பி.காம். வகுப்பில் எந்த செமஸ்டரில் டேஸ்ட் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். ஜட்ஜ் பதவி ஆசை, கேட்கவில்லை.

முப்பது படங்களுக்கு மேல் வந்தன. பால் பாக்கெட்டை ஓட்டை போடும் பூனை. ஏ.சி. பெட்டியின் மேல் குடித்தனம் நடத்தும் புறா. முதுமலையில் ஓடும் வண்டியிலிருந்து எடுத்த, யானையா பாறையா என்று இன்றுவரை தீராத ஒன்று. நாலாவது மாடி மாமி அனுப்பிய காகம், சிரார்த்தத்தன்று சாதத்தைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கே கொடுத்திருக்கலாம்.

நான் கொடுத்தது ஜிம்மிக்கு. இரண்டாவது மாடி லாப்ரடார். தரையில் பிய்ந்துபோன ஹவாய் செருப்பு. பக்கத்தில் ஜிம்மி, காதுகளைப் பின்னால் மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறது. அப்படியே கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். நீங்களாக இருந்தாலும் அதற்குத்தான் குக்கரைக் கொடுத்திருப்பீர்கள். குழுவில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின.

இரண்டு நாள் கழித்து லிஃப்டில் அந்த வீட்டுப் பெண் வந்தாள். மூன்றாம் வகுப்பு. "அங்கிள், ஜிம்மி செருப்பைக் கடிக்கல. அது முன்னாடியே பிஞ்சு போச்சு. அப்பாதான் பக்கத்துல வச்சுட்டு 'யாருடா பண்ணது'ன்னு கத்துனாங்க. மூணு தடவை கத்துனாங்க. அப்பதான் போட்டோ சரியா வந்துச்சு. அப்புறம் ஜிம்மி அங்கேயே ஒண்ணுக்குப் போயிடுச்சு."

லிஃப்ட் இரண்டில் நின்றது. அவள் போய்விட்டாள். நான் இறங்க வேண்டிய தளத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

இந்த 'குற்றவாளி நாய்' முகத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மையார் 2009-ல் வெளியிட்டது. 14 நாய்கள். தின்பண்டத்தை வைத்து, 'தொடாதே' என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போகிறார். சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. எஜமானரிடம் சில சமயம் உண்மையைச் சொன்னார்கள், சில சமயம் மாற்றிச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்து திட்டினால் நாய் அந்த முகத்தைக் காட்டுகிறது, தின்றிருந்தாலும் சரி, தின்னாவிட்டாலும் சரி. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்தான் அதிகமாகக் காட்டியது! ஆக, நாம் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு சிரிக்கிற முகம், நம் சத்தத்துக்கு அது தருகிற பதில். தமிழில் இதற்கு நேரான வார்த்தை இருக்கிறது. பயம்.

இதில் நாமெல்லாம் கத்துக்குட்டிகள். பெரிய மனிதர்களே ஏமாந்திருக்கிறார்கள். 1961 ஜனவரி 31-ம் தேதி அமெரிக்கா ஹாம் என்ற சிம்பன்ஸியை விண்வெளிக்கு அனுப்பியது. பதினாறரை நிமிடப் பயணம். விளக்கு எரிந்ததும் சரியான நெம்புகோலை இழுத்தால் வாழைப்பழ உருண்டை, தவறினால் உள்ளங்காலில் மின்சார ஷாக். இப்படித்தான் அதைப் பழக்கியிருந்தார்கள். விண்கலம் அட்லாண்டிக்கில் விழுந்தது, உள்ளே தண்ணீர் ஏறியது. மீட்டெடுத்த பிறகு வந்த படங்களில் ஹாம் பல்லெல்லாம் தெரிய இளிக்கிறது. உலகம் அதை வெற்றிச் சிரிப்பாகப் பார்த்தது. சிம்பன்ஸிகளோடு வருஷக்கணக்கில் பழகியவர்கள் வேறு சொல்கிறார்கள். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் தெரியும்படி அது உதட்டை இழுத்தால் மிரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம்.

இணையத்தில் சுற்றிய அந்தத் தேவாங்கு வீடியோவும் உங்களுக்கு வந்திருக்கும். நம் ஊர்த் தேவாங்கு இல்லை, தென்கிழக்கு ஆசியாவின் இன்னொரு வகை. அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இன்னும், இன்னும் என்று கேட்பது போல் இருக்கும். அந்த வகைக்கு முழங்கைப் பக்கம் விஷச் சுரப்பி இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளத்தான் கையைத் தூக்குகிறது. அதைச் செல்லப் பிராணியாக விற்கிறவர்கள் கடிக்காமல் இருக்கப் பல்லையும் வெட்டிவிடுகிறார்கள். நான் அந்த வீடியோவை எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. படித்ததில் மிஞ்சியது இரட்டைப் பதிவு முறை ஒன்றுதான். ஒரு பக்கம் வரவு எழுதினால், இன்னொரு பக்கம் யார் கணக்கிலாவது பற்று எழுதியாக வேண்டும். நம் சிரிப்பை வரவு வைக்கிறோம். பற்று யார் பேரில்?

சரி, ஃபிளாட்ஸ் போட்டியை விடுங்கள். காசும் கௌரவமும் உள்ள இடத்திலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009-ல் பட்டம் வாங்கியது ஓர் ஓநாய். ஸ்பெயின்காரர் ஹோசே லூயிஸ் ரோத்ரிகஸ் எடுத்தது. இரவில் பண்ணைக் கதவைத் தாண்டிக் குதிக்கிறது. பாட்டி சொன்ன கதையிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கும். ஓநாயைத் தெரிந்தவர்கள் மட்டும் சந்தேகப்பட்டார்கள். அது ஏன் குதிக்கிறது? காட்டு ஓநாய் என்றால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து போயிருக்குமே! மாட்ரிட் பக்கத்துப் பூங்கா ஒன்றில் வளர்க்கப்பட்ட ஓநாயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசை ரத்து செய்தார்கள். அவர் கடைசிவரை மறுத்தார். அதே போட்டியில் 2017-ல் கரையான் புற்றருகே நின்ற பிரேசில் நாட்டு எறும்புத்தின்னிக்கும் இதே கதி. பாடம் செய்து வைத்த பொம்மை என்று நிபுணர்கள் சொன்னார்கள், எடுத்தவர் இல்லை என்றார். 2018 ஏப்ரலில் அந்தப் பரிசும் போனது.

ஓநாய் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒளியிலோ அமைப்பிலோ ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மனது ஒட்டவில்லை. படம் அப்படியேதான் இருக்கிறது, எனக்குத்தான் அது என்னவோ சர்க்கஸாகிவிட்டது.

அதனால் மிருகத்தைப் பார்த்துச் சிரிக்கவே கூடாதா? அந்த அளவுக்கு நான் சாமியார் இல்லை. பால் ஜாய்ன்சன்-ஹிக்ஸ், டாம் சல்லம் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் 2015-ல் ஆரம்பித்த நகைச்சுவை வனவிலங்குப் படப் போட்டி ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் அதன் படங்கள் வருவதற்குக் காத்திருப்பவன் நான். முதல் வருஷம் ஜெயித்தது ஒரு காட்டு வெள்ளெலி. வாய் கொள்ளாமல் புல்லை அடைத்துக்கொண்டு, ஆடித் தள்ளுபடி முடிகிற நாளன்று ரங்கநாதன் தெருவிலிருந்து வெளியேறும் குடும்பஸ்தன் போல ஓடி வருகிறது. 2022-ல் தான்ஸானியாவில் ஒரு சிங்கக்குட்டி. மரத்திலிருந்து இறங்கத் தெரியாமல் தலைகீழாக விழுகிற கணம். யாரும் தள்ளவில்லை. ஏறினது அது, விழுந்ததும் அது. பிழைத்துப் போனதும் அதுவே. இந்தச் சிரிப்பில் பற்று யார் பேரிலும் இல்லை.

அந்தப் போட்டியிலும் எனக்கு ஒரு குறை உண்டு. தலைப்புகள். கங்காருவுக்குக் கற்பனைக் கிடார் கொடுக்கிறார்கள் (2023). விரலே இல்லாத துடுப்பை ஆட்டி நீந்துகிற கடலாமை நடுவிரல் காட்டுவதாகச் சொல்கிறார்கள் (2020). அது பாட்டுக்கு நீந்துகிறது, கெட்ட வார்த்தை நம்முடையது! தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். வெள்ளெலியும் சிங்கக்குட்டியும் அப்போதும் நிற்கும். ஆமைப் படம் பாதியாகச் சுருங்கிவிடும்.

நம்மிடம் ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். காட்டையும் மிருகங்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார், கறுப்பு வெள்ளையில் படமும் எடுத்தார். 1970-ல் பத்மஸ்ரீ. அவருடைய யானைப் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். யானை மேய்கிறது, நிற்கிறது, குட்டியோடு நடந்து போகிறது. நான் பார்த்த வரை ஒன்றுகூட நமக்காக எதையும் செய்துகாட்டவில்லை. போன வருஷம், லிஃப்ட் சம்பாஷணைக்குப் பிறகு, அவற்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது.

இந்த வருஷமும் நானே ஜட்ஜ். ஒரே ஒரு விதி சேர்க்கச் சொன்னேன். படம் எடுப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கூடவே இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். "ஸார், இது என்ன எஃப்.ஐ.ஆரா?" என்றார் செயலாளர். முப்பது படம் வந்த இடத்தில் பதினொன்று வந்தது.

ஜிம்மி வீட்டுப் பெண்ணும் அனுப்பியிருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரே இருட்டு. கூர்ந்து பார்த்தால் ஒரு வால் நுனியும், பின்னங்கால் பாதமும். கீழே எழுதியிருந்தாள்: 'ஜிம்மி தூங்குது. நான் கூப்பிடல.'

ஏற்கனவே குக்கர் வாங்கின வீடு ஆச்சே என்று செயலாளர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.