வேகத்தைக் குறைக்கச் சொல்லும் கடிகாரம்

ஓட்டக் கடிகாரம் என்றாலே வேகமாக ஓடுகிறவர்களுக்கானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கார்மின் ஃபோர்ரன்னர் 55-ஐ ஓராண்டுக்கு மேலாகக் கையில் கட்டியிருக்கும் எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. நாற்பதைக் கடந்து, தொண்ணூறு கிலோவையும் தாண்டி, பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பிறகு ஓடியே பார்க்காத ஆசாமிக்குத்தான் இது அதிகம் உதவும். அவர் இஷ்டத்துக்கு ஓட இது விடாது என்பதுதான் காரணம்.

2021-இல் வந்த மாடல். எடை 37 கிராம், கட்டியிருப்பதே மறந்துவிடும். தொடுதிரை கிடையாது, ஐந்து பொத்தான்கள்தான். கடையில் பார்த்தால் பழைய பாணியாகத் தெரியும். சென்னையின் மே மாதக் காலையில் விரல்நுனியில் வியர்வை சொட்டும்போதுதான் பொத்தானின் அருமை புரியும். திரையும் பளபளக்கிற ரகமல்ல. வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும். விடியற்காலையில் விளக்குப் பொத்தானை அழுத்தித்தான் பார்க்க வேண்டும். சும்மா கட்டியிருந்தால் 2 வாரம், ஜிபிஎஸ் ஓடினால் 20 மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்கிறது நிறுவனம். எனக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதுமானதாக இருக்கிறது.

இதில் நான் மிகவும் பயன்படுத்தியது ஓட்டம்-நடை என்ற எச்சரிக்கை வசதி. ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் மணிக்கட்டு அதிரும். இந்தக் கணக்கு என்னுடையதல்ல. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-இல் உருவாக்கிய ‘கவுச் டு 5கே’ திட்டத்தின் முதல் வாரப் பயிற்சி. ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வைப்பது அதன் நோக்கம். எனக்கு அதைவிட வெகு அதிகமாகவே ஆனது. யாரும் அபராதம் போடவில்லை. கார்மினின் ஃபோன் ஆப்பிலும் இலவசப் பயிற்சித் திட்டங்கள் உண்டு. அதிலுள்ள பயிற்சியாளர்களில் ஒருவர் ஜெஃப் காலோவே. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஒலிம்பிக் வரை போனவரே ‘நடுநடுவே நடங்கள்’ என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார் என்றால், நடப்பதில் நமக்கென்ன வெட்கம்?

அடுத்தது நாடித் துடிப்பு எச்சரிக்கை. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு என்பது தோராயக் கணக்கு. எனக்கு 174. அதில் ஏறத்தாழ எண்பது சதவீதமான 140-ஐத் தாண்டினால் அதிரும்படி வைத்தேன். ஆரம்பத்தில் மெல்ல ஓடினாலே அதிரும். நடப்பேன், இறங்கும், ஓடுவேன், மறுபடி அதிரும். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் கைவீசி நடக்கிற மாமாக்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, “கால்ல ஏதாவது அடியா தம்பி?” என்றுகூடக் கேட்டார். ஆனால் முட்டி வலியில்லாமல் இன்றும் ஓடுகிறேன் என்றால் இந்த நச்சரிப்புதான் காரணம் என்று நம்புகிறேன். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. கனத்த உடம்போடு முதல் மாதமே வேகம் காட்டுகிறவர்கள் இரண்டாம் மாதம் எலும்பு டாக்டர் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

சென்னைவாசிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கும். ஜனவரியில் 135 துடிப்பில் ஓடிய அதே வேகம் மே மாதத்தில் 150-ஐத் தொடும். “தெம்பு போய்விட்டதோ” என்று மனம் உடையாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ள அந்த எண் உதவுகிறது.

பச்சை ஒளி பாய்ச்சி மணிக்கட்டில் நாடி பார்க்கும் எல்லாக் கடிகாரங்களுக்கும் ஒரு குறை உண்டு. பட்டை தளர்ந்தால் நாடிக்குப் பதில் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு 170 என்று பயமுறுத்தும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்ட வேண்டும்.

நம்பக்கூடாத எண் ஒன்று உண்டென்றால் அது கலோரி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். கார்மின் அதில் இல்லை. நாடியைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் இருப்பதிலேயே ஒழுங்கான கருவிகூட 27 சதவீதம் பிசகியது. எண் சரியாகவே இருந்தாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 90 கிலோக்காரர் 5 கிலோமீட்டர் ஓடினால் 450. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஆக, அத்தனை வியர்வைக்கும் கரைவது 60 கிராமுக்கும் குறைவு. திரும்பும் வழியில் மசால் தோசையும் காபியும் சாப்பிட்டால் அதுவும் போச்சு. எனக்குக் குறைந்த பதினான்கு கிலோவில் பெரும்பங்கு, இரவுச் சோற்றைப் பாதியாக்கியதிலும் மாலை பஜ்ஜியை நிறுத்தியதிலும் போனது. அதில் கடிகாரத்துக்குப் பங்கில்லை. அது காட்டிய நல்ல மாற்றம் வேறு: ஓய்வுநேர நாடித் துடிப்பு 78-இலிருந்து 62-க்கு இறங்கியிருக்கிறது. தராசு அசையாமல் நின்ற மாதங்களிலும் அந்த எண் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

கடிகாரத்தில் பாட்டைச் சேமிக்க வசதியில்லை. உட்கார்ந்தே இருந்தால் ‘எழுந்திரு’ என்று அதட்டும். முதல் நாளே அணைத்துவிடலாம். பளிச்சென்ற தொடுதிரை வேண்டுமென்றால் ஃபோர்ரன்னர் 165 இருக்கிறது, விலை கூடுதல்.

55-இன் அறிமுக விலை ஏறக்குறைய 21,000 ரூபாய். கையில் ஐயாயிரம்தான் இருக்கிறதென்றால் நல்ல ஷூ வாங்குங்கள். ஓட்டம்-நடை கணக்கை ஃபோனில் ஓர் இலவச ஆப்பே சொல்லிவிடும். ஷூ வாங்கி, மூன்று மாதம் விடாமல் ஓடி, அதன்பிறகும் ஆசை இருந்தால் தாராளமாக இதை வாங்கலாம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் இந்த 220 கணக்கை நம்பி எச்சரிக்கை வைக்க வேண்டாம். அந்த மாத்திரை நாடியை ஏறவிடாது. எந்த எண்ணில் வைப்பது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.