சிவகாமியின் சபதமும் மானவன்மனின் நட்பும்

சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கின் இளையோருடன் மாமல்லபுரம் சென்றிருந்தோம். ஐந்து இரதங்களையும் அருச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பத்தையும் கண்டபின், மாலையில் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் மணலில் அமர்ந்தோம். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ புதினத்தை அவர்களுள் சிலர் படித்திருந்தனர். “ஃபாதர், சிவகாமி சபதம் செய்யாதிருந்தால் பல்லவர் வாதாபியை வென்றிருப்பார்களா?” என்று ஒரு மாணவி வினவினாள். அன்று ஏதோ சொல்லி அமைந்தோம். அவ்விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஊர் திரும்பியதும் நான்கு பாகங்களையும் மீண்டும் படித்தோம். கூடவே பல்லவர் செப்பேடுகள் கூறும் செய்திகளையும் இலங்கையின் சூளவம்சத்தையும் ஒப்புநோக்கினோம். அம்மாணவிக்குத் தர வேண்டிய விடையை ஈண்டு எழுதுகிறோம்.

போரின் போக்கை முதலில் நினைவுகூர்வோம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை எதிர்த்து நிற்க வல்லார் தென்னகத்தில் இல்லை எனலாம். கி.பி. 634இல் பொறிக்கப்பட்ட ஐஹொளெக் கல்வெட்டு, பல்லவ மன்னனைக் காஞ்சியின் மதில்களுக்குப் பின்னே ஒளியச் செய்ததாகப் பெருமை பேசுகிறது. அதோடு நில்லாமல், சோழர், சேரர், பாண்டியர் ஆகிய மூவருக்கும் புலிகேசியால் வளம் பெருகிற்று என்றும் கூறுகிறது. இதன் பொருள் வெளிப்படை. பல்லவனைச் சுற்றியிருந்த அரசுகளைத் தன்பால் ஈர்த்து, அவனைத் தனிமைப்படுத்துவதே சளுக்கியனின் சூழ்ச்சி. வடக்கே பகை, தெற்கே பகையின் நண்பர்கள். காஞ்சிக்குத் திறந்திருந்த வாயில் கிழக்குக் கடல் ஒன்றே.

இந்நிலை எவ்வாறு தலைகீழாயிற்று? மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன், பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்க்களங்களில் புலிகேசியைப் புறங்கண்டான் என்று கூரம் செப்பேடு கூறுகிறது. பின்பு, ஏறத்தாழ 642இல், வாதாபி நகரே பல்லவர் கைப்பட்டது. மணிமங்கலம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்திற்கு மேற்கே உள்ள ஊர். நம்மில் பலர் பேருந்தில் கடந்து செல்லும் அவ்வூரில்தான் தென்னாட்டின் வரலாறு திரும்பிற்று.

கல்கி இதைச் சபதத்தின் கதையாக ஆக்கினார். சிறைப்பட்டு வாதாபிக்குக் கொண்டுபோகப்பட்ட சிவகாமி, மாமல்லர் அந்நகரைத் தீக்கிரையாக்கித் தன்னை மீட்கும்வரை அதைவிட்டு நீங்குவதில்லை என்று சூளுரைக்கிறாள். மாமல்லரே மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் மறுக்கிறாள். ஆண்டுகள் கழிகின்றன; வாதாபி எரிகிறது. மீண்டு வந்தவளோ, மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்து மக்களைப் பெற்றிருப்பதைக் காண்கிறாள். இறுதியில் ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்படைக்கிறாள்.

கல்கிக்கு உரிய நியாயத்தை முதலில் வழங்கிவிட வேண்டும். பழிக்குப் பழி வாங்குவதை அவர் போற்றவில்லை. போற்றியிருந்தால் கடைசிப் பாகத்திற்குச் ‘சிதைந்த கனவு’ என்று பெயர் சூட்டியிருக்கமாட்டார். நீதித்தலைவர்கள் நூலில் இப்தா என்பவன், வெற்றி வேண்டிப் பொருத்தனை செய்து, வெற்றியோடு திரும்பியபின் தன் ஒரே மகளை அதற்குப் பலியாக்குகிறான். சபதம் நிறைவேறும் நாளே அதன் விலை தெரியும் நாள் என்னும் அவ்வுண்மையைக் கல்கியும் அறிந்திருந்தார். வாதாபி எரியும் பக்கங்களைப் படிக்கையில் நமக்கு மகிழ்ச்சி தோன்றுவதில்லை. இது ஆசிரியரின் வெற்றி.

ஆயினும் புதினத்தில் ஒரு பெருங்குறை உண்டு என்பது நம் துணிபு. போரைத் திருப்பிய சக்திகளுள் ஒன்று அதில் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. அதுவே நட்பு.

இலங்கை மன்னன் இரண்டாம் காசியப்பனின் மகன் மானவம்மன். இவனையே கல்கி மானவன்மன் என்கிறார். உள்நாட்டுப் பூசலில் அரசுரிமை இழந்து, கடல் கடந்து வந்து, நரசிம்மவர்மனிடம் பணிபுரிந்த அகதி இவன். சூளவம்சம் இவ்விருவர் நட்பையும் விரிவாகக் கூறுகிறது. ஒருநாள் நரசிம்மன் தான் பருகிய இளநீரில் எஞ்சியதை அவனிடம் நீட்டினானாம். நண்பன் தந்ததில் எச்சில் ஏது என்று எண்ணி அவன் அதைப் பருக, மன்னனும் அவன் பருகிய மிச்சத்தைத் தான் பருகி, அவனைத் தனக்கு நிகராக வைத்தானாம்.

பின்னர் வல்லப அரசன் படையெடுத்து வந்தான். சளுக்கிய மன்னனையே அந்நூல் வல்லபன் என்கிறது. போரில் நண்பன் மடிந்தால் அவன் வந்த நோக்கம் பாழாகுமே என்று நரசிம்மன் அவனை ஊரிலேயே விட்டுச் சென்றான். நண்பன் இறக்கத் தான் வாழ்ந்து பயன் என்ன என்று மானவம்மன் பின்தொடர்ந்து சென்று களம் புகுந்தான். பகை முறிந்தது.

தாவீதின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. அவரும் சவுலுக்கு அஞ்சி ஓடி, பெலிஸ்திய மன்னன் ஆக்கீசிடம் அடைக்கலம் புகுந்தவர். போர் மூண்டபோது ஆக்கீசின் படைத்தலைவர்கள் அந்த அகதியை நம்பாமல் திருப்பி அனுப்பினர். அங்கே ஐயம் விலக்கி வைத்தது. இங்கே அன்பு விலக்கி வைத்தது, அன்பே மீண்டும் களத்திற்குக் கொணர்ந்தது.

தம் மன்னன் புகழை உயர்த்தும் சாய்வு சூளவம்சத்திற்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. படையும் யானைகளும் பல்லவனுடையவை. பிற்காலத்தில் சிறுத்தொண்டர் எனப் போற்றப்பட்ட பரஞ்சோதியார் போன்ற படைத்தலைவர்களின் பங்கும் பெரிது. எனினும் தனித்து நின்ற அரசுக்குத் தோள் கொடுக்க வந்தவன், நாடற்ற ஒருவன் என்பது சிறிய செய்தியன்று.

நன்றிக்கடன் எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பது அதனினும் பெரிது. நரசிம்மன் படை தந்து நண்பனை இலங்கைக்கு அனுப்பினான். அம்முயற்சி தோற்றது. மானவம்மன் திரும்பி வந்து மீண்டும் பணியில் அமர்ந்தான். ஆண்டுகள் பல கழிந்தன. தன் வாசலிலேயே நண்பன் முதுமை எய்துவதைக் கண்டு மன்னன் வருந்தி, இரண்டாம் முறையும் படை திரட்டினான். வீரர்கள் கடல் கடக்கத் தயங்கினர். மன்னன் தன் அரச உடையையும் அணிகளையும் மானவம்மனுக்கு அணிவித்து, அவனை மரக்கலம் ஏற்றினான். தம் மன்னனே புறப்பட்டுவிட்டான் என்று எண்ணிய வீரர்கள் அனைவரும் கலம் ஏறினர். மானவம்மன் அரியணை மீண்டான். கலங்கள் புறப்பட்டது இதே மாமல்லபுரக் கரையிலிருந்துதான் என்று கருதுவோர் பலர். காலக்கணக்கைக் கொண்டு, இரண்டாம் உதவி கொள்ளுப்பேரன் இராசசிம்மன் காலத்தது என்பாரும் உளர். அவ்வாறாயின், ஒரு வாக்குறுதி நான்கு தலைமுறை காக்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

இத்துணைச் செறிவான செய்தி புதினத்தில் என்னவாயிற்று? மானவன்மன் மாமல்லரின் தோழனாக நான்காம் பாகத்தில் வருகிறான். ஆனால் படித்து முடித்தவர் மனத்தில் அவன் தங்குவதில்லை. மணிமங்கலப் போரையும் கல்கி மகேந்திரர் காலத்திற்கு நகர்த்திவிட்டார். சபதமே கதையின் அச்சாணி ஆனபின், நட்பால் திரும்பும் போருக்கு அங்கே இடமில்லை. இதில் கல்கியை மட்டும் குறைகூறல் தகாது. பல்லவர் செப்பேடுகளே வழிகாட்டின. காசாக்குடிச் செப்பேடு, இலங்கையை வென்றதில் நரசிம்மன் இராமனையும் விஞ்சினான் என்கிறது. நண்பனுக்காகச் செய்த உதவி, நம் ஏட்டில் படையெடுப்பாகப் பதிவாயிற்று. நட்பாகவே அதைக் காத்து வைத்தவர்கள் பாலியில் எழுதிய பௌத்தத் துறவியர். புதினத்தின் சூழ்ச்சி அனைத்தையும் நாகநந்தி என்னும் பௌத்த பிக்ஷுவின் தலையில் ஏற்றிய கல்கி, இதை எண்ணிப் பார்த்திருக்கலாம். பிற சமயத் துறவியைச் சூழ்ச்சிக்காரனாகக் காட்டுவது எளிது. சிறுபான்மையினராகிய நாம் அதை உணராதவர் அல்லோம்.

புதினம் பிறந்த காலத்தையும் நோக்க வேண்டும். ‘கல்கி’ இதழில் அது 1944 முதல் 1946 வரை வெளிவந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரம் பாதி காலியாயிற்று. மக்கள் இரயிலிலும் வண்டியிலும் உள்நாட்டிற்கு ஓடினர். காஞ்சி முற்றுகையைப் படித்த வாசகர்க்கு அது பழங்கதையாக இருந்திராது. 1944இல் கொகிமாவிலும் இம்பாலிலும் போர் திரும்பியது. அணி சேர்ந்து போரிட்ட அரசுகளை நம் நாளேடுகள் ‘நேச நாடுகள்’ என்று அழைத்தன.

அழகிய சொல். ஆனால் அந்த நேசத்தின் எல்லை எது? இந்தியர் 25 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அப்படைகளில் பணியாற்றினர். மக்கள் தம் ஆட்சியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் போற்றி, 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனம் வெளியிட்டனர். அடுத்த மாதமே, அது நாஜி ஆதிக்கத்தில் சிக்கிய ஐரோப்பிய நாடுகளைக் கருதியது என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தார். தோள் கொடுத்தவனுக்கு அரியணை மீட்டுத் தந்த பல்லவன் எங்கே, தோள் கொடுத்தவனுக்குச் சாசனம் பொருந்தாது என்ற பேரரசு எங்கே! விடுதலைப் போரில் சிறை சென்று மீண்ட கல்கி, நரசிம்மன் காத்த வாக்குறுதியைக் கதையின் நடுவில் வைத்திருந்தால், அக்கால வாசகர் அதில் எத்துணைப் பொருள் கண்டிருப்பர்!

வாதாபியைப் பல்லவர் சில ஆண்டுகளே வைத்திருந்தனர். சளுக்கியர் மீண்டெழுந்து காஞ்சிமீது படையெடுத்தனர். பகை அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. எரித்த நகரத்தால் விளைந்த பயன் அவ்வளவே. நிலைத்தது மற்றொன்று: அடைக்கலம் புகுந்தவனுக்கு அளித்த சொல்.

1983 முதல் அதே கடலைக் கடந்து வந்த இலங்கைத் தமிழர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் தமிழகத்து முகாம்களில் வாழ்கின்றனர். 2021இல் அவற்றிற்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கே பிறந்து, மணந்து, மக்களைப் பெற்றவர்கள் இன்னும் எந்நாட்டவர் என்று உறுதிப்படாமலே முதுமை எய்துகின்றனர். நம் வாசலில் மூப்படையும் நண்பனைக் கண்டு வருந்த நமக்கு மன்னர் உள்ளம் வேண்டியதில்லை; அயலாரை அறிந்துகொள்ளும் உள்ளம் போதும்.

அம்மாணவிக்கு நம் விடை இதுவே: சபதம் நகரத்தை எரித்தது, மகளே; போரைத் திருப்பியதில் நண்பன் ஒருவனுக்கும் பங்கு உண்டு. அவன் பெயரைப் புதினத்தில் தேடிப் படி. அடுத்த முறை மாமல்லபுரம் செல்லும் வழியில் மணிமங்கலத்திலும் இறங்குவோம்.