ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை: மனச்சிதைவும் மூளைப் படங்களும்

1

‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க.’

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்த வாக்கியத்தை இரண்டு விதமாகக் கேட்டேன். முதலில் சொன்னது அம்மா. மகனின் மூளையில் கட்டி கிட்டி ஏதும் இல்லை என்கிற நிம்மதி அதில் இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா சொன்னபோது அதுவே குற்றச்சாட்டாக மாறியிருந்தது: ‘ஒண்ணும் இல்லைன்னா அப்புறம் என்னத்துக்கு இந்த ஆட்டம்? எல்லாம் நடிப்பு.’ பையனோ காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய சொல்லுக்கும் ஒரு கறுப்பு ஃபிலிமுக்கும் இடையே வழக்கு. வீடு ஃபிலிமின் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது.

அந்த ஃபிலிம் அப்படியொரு சாட்சி சொல்லவே இல்லை என்பதுதான் விஷயம். மனச்சிதைவு என்று நாம் சொல்லும் ஸ்கிஸோஃப்ரினியாவை இன்றைக்கும் எந்த ஸ்கேனும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. நோயாளியோடு பேசித்தான், வீட்டாரை விசாரித்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். ஸ்கேன் எடுப்பது வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள. ஆனால் ஆராய்ச்சி உலகில் நடப்பது வேறு. அங்கே பல வகைப் படங்களை ஒன்றோடொன்று சேர்த்து இந்த நோயை வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பு எதைச் சொல்கிறது, எங்கே வாயடைத்துப் போகிறது என்பதே இங்கு என் கேள்வி.

2

பைத்தியத்தைக் ‘கண்ணால் பார்த்துவிடும்’ ஆசை பழையது. 1870களில் பாரிஸின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில், ஷார்கோவின் பார்வையின் கீழ், ஹிஸ்டீரியா நோயாளிப் பெண்கள் புகைப்படம் எடுக்கப்பட்டுத் தொகுதிகளாக அச்சிடப்பட்டார்கள். 1929இல் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளைக் கோடுகளாக்கி வெளியிட்டார். 1976இல் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ முதலானோர் லண்டன் நார்த்விக் பார்க்கில் நெடுங்கால நோயாளிகள் 17 பேரை சி.டி. ஸ்கேன் செய்து, மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் பெரிதாகியிருப்பதைக் காட்டினார்கள். உடம்பின் வெளியிலிருந்து மண்டையோட்டின் உள்ளே பார்வை நுழைந்தது.

ஆனால் மூளைப் படத்தைப் புகைப்படம்போல் எடுத்துக்கொள்ளக் கூடாது. எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில் ஒளிரும் சிவப்பும் மஞ்சளும் மூளையின் நிறமல்ல, எண்ணத்தின் நிறமும் அல்ல. ரத்தத்தில் ஆக்ஸிஜன் மாறும் அளவைக் காந்தப்புலம் வழியே அளந்து, புள்ளியியல் சோதனை நடத்தி, ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டிய புள்ளிகளுக்கு மட்டும் சாயம் பூசுகிறார்கள். கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு. 2009இல் கிரேக் பென்னட்டும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே மூச்சில் சோதிக்கும்போது செய்யவேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டதும் மீனின் மூளையிலும் ‘செயல்பாடு’ ஒளிர்ந்தது!

ஆக, படமும் ஒரு பிரதிதான். அதற்கு இலக்கணம் உண்டு. இலக்கணப் பிழையும் உண்டு.

3

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குருடு இருக்கிறது. எஃப்.எம்.ஆர்.ஐ. இடத்தைச் சில மில்லிமீட்டருக்குள் சொல்லிவிடும். ஆனால் அது பார்ப்பது ரத்தத்தை. ரத்தம் உச்சத்துக்கு வர ஐந்தாறு வினாடி ஆகும். அதற்குள் எண்ணம் எங்கோ போயிருக்கும். ஈ.ஈ.ஜி. மில்லிவினாடிக் கணக்கில் நேரத்தைப் பிடிக்கும். ஆனால் அது மண்டையோட்டுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்பது. எந்த அறையில் பேச்சு நடக்கிறது என்று சரியாகச் சொல்லாது. டி.டி.ஐ. என்ற முறை, நரம்பிழைகளை ஒட்டி நீர் மூலக்கூறுகள் பரவும் திசையை வைத்துப் பாதைகளை ஊகிக்கிறது. பாதை தெரியும், போக்குவரத்து தெரியாது.

மூன்று குருடர்களைச் சேர்த்துவிட்டால் யானை வந்துவிடுமா? வராது. வெறுமனே அடுக்கினால் பிழைகளும் சேர்ந்து அடுக்கப்படும். ஆனால் கேள்வி கூர்மையாக இருக்கும்போது சேர்க்கை வேலை செய்கிறது. ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

நாம் பேசும்போது ‘இது என் குரல்’ என்கிற ஒரு முன்னறிவிப்பு மூளையின் பேசும் பகுதியிலிருந்து கேட்கும் பகுதிக்குப் போவதாகக் கருதப்படுகிறது. அதனால்தான் சொந்தக் குரலுக்குக் கேட்கும் பகுதி அடங்கியே பதில் தருகிறது. இந்த அறிவிப்பு பிசகுவதே இந்நோயின் சில அனுபவங்களுக்குக் காரணமாகலாம் என்ற யோசனையை 1978இல் இர்வின் ஃபைன்பெர்க் முன்வைத்தார். பின்னால் ஜூடித் ஃபோர்டும் டேனியல் மாத்தலோனும் ஈ.ஈ.ஜி. வழியாக, நோயாளிகளிடம் இந்த அடக்கம் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். 2011இல் தாமஸ் விட்ஃபோர்டு இவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி போனது. பட்டனை அழுத்தினால் ஓர் ஒலி வரும். தானே எழுப்பிய ஒலி என்பதால் அடக்கம் இருக்க வேண்டும். நோயாளிகளிடம் அது குறைந்தது. ஆனால் அழுத்துவதற்கும் ஒலிக்கும் நடுவே 50 மில்லிவினாடி தாமதம் வைத்தபோது அந்தக் குறை நீங்கிவிட்டது. அதாவது அறிவிப்பு வராமலில்லை, பிந்தி வருகிறது. டி.டி.ஐ.யையும் சேர்த்துப் பார்த்தபோது, முன்மூளையைக் கேட்கும் பகுதியோடு இணைக்கும் வில் போன்ற நரம்புப் பாதையின் நிலையும் இந்த அளவும் ஒன்றோடொன்று தொடர்புகொண்டிருந்தன. ஈ.ஈ.ஜி. மட்டும் இருந்தால் தாமதம் தெரியும், வழி தெரியாது. டி.டி.ஐ. மட்டும் இருந்தால் வழி தெரியும், தாமதம் தெரியாது.

சிறு குழுவில் கண்ட தொடர்பு இது, முடிந்த முடிவல்ல. பட்டன் ஒலி வேறு, வாழ்நாளைக் குலைக்கும் குரல் வேறு. இருந்தாலும் ‘யார் பேசுவது?’ என்று நாம் பிரதிகளிடம் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி, இங்கே ஒரு மனிதனின் உடம்புக்குள் 50 மில்லிவினாடி இடைவெளியில் எழுகிறது. தன்னுடையது தன்னிடம் அந்நியமாக வந்துசேர்வதற்கு வாய்ப்பு இருக்கிறது என்கிறது இந்த வாசிப்பு. பெரியப்பாவின் ‘நடிப்பு’க்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

4

சரி, அப்படியானால் அந்தப் பையனின் ஃபிலிமில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? ஆராய்ச்சிப் படம் தனிமனிதனின் படமல்ல, கூட்டத்தின் சராசரி. 2016இல் எனிக்மா கூட்டமைப்பு 2,028 நோயாளிகளையும் நோயற்ற 2,540 பேரையும் ஒப்பிட்டது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நோயாளிகளிடம் சராசரியாகச் சிறுத்திருந்தது. வித்தியாசத்தின் அளவு 0.46. இதை வைத்து நாமே கணக்குப் போட்டால் இரு கூட்டத்தின் வளைகோடுகளும் சுமார் 80 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று படியும். ஒரே ஒருவரை நிறுத்தி, இவர் எந்தக் கூட்டம் என்று இந்த அளவை வைத்துச் சொல்ல முடியாது. சராசரி எந்த வீட்டிலும் குடியிருப்பதில்லை.

இன்னொன்று. 2011இல் நான்சி ஆண்ட்ரியாசன் குழு 211 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஸ்கேன் செய்து, மருந்து அதிகம் எடுத்தவர்களிடம் மூளைத்திசுக் குறைவும் அதிகம் என்று கண்டது. மருந்தை நிறுத்தச் சொல்லும் வாதமல்ல இது. படத்தில் தெரிவது நோயா, சிகிச்சையின் தடமா என்று பிரிக்கச் சிரமம் என்பதே பொருள்.

5

இனி நம் பக்கத்துக் கணக்கு. லெய்ங் 1960இல், ஃபூக்கோ 1961இல், தெல்யூஸும் கத்தாரியும் 1972இல் எழுதியவற்றைக் கைமாற்றாகப் பெற்று, பைத்தியம் என்பது அதிகாரத்தின் கட்டமைப்பு என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம். நானும்தான். ‘ஸ்கிஸோ’ நமக்கு ஒரு விடுதலைச் சொல்லாகவே இருந்தது. குரல் கேட்டுத் தூங்காதவனின் ராத்திரி அந்தக் கட்டுரைகளில் இல்லை.

இதையும் சொல்லியாக வேண்டும். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைஷ்மான் ‘நோயை உண்டாக்கும் தாய்’ என்ற கருத்தை எழுதினார். மூளையை விட்டுவிட்டு உறவையும் பேச்சையும் மட்டும் பார்த்த சொல்லாடல் எத்தனையோ அம்மாக்கள்மேல் பழியை ஏற்றியது. அந்தப் பழி இறங்கியதில் ஸ்கேன் படங்களுக்கும் பங்குண்டு. படத்தின் அதிகாரத்தை விமர்சிக்கிற நாம் இந்த நன்றியை மறைக்கக் கூடாது.

ஆனால் சேர்க்கையில் ஒன்று விடுபட்டுக்கொண்டே இருக்கிறது. 2014இல் தான்யா லுர்மனும் ஆர். பத்மாவதியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் ஊருக்கு 20 பேரிடம் அவர்களின் குரல்களைப் பற்றிக் கேட்டது. அமெரிக்கர்கள் பலருக்கு அவை வன்முறையான, முகமற்ற குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அவை சொந்தக்காரர்களின் குரல்கள். சமை, குளி, கடைக்குப் போ என்று வீட்டு வேலை ஏவும் குரல்கள். இதைக் கண்டுபிடிக்க எந்தக் காந்தமும் தேவைப்படவில்லை. உட்கார்ந்து கேட்டார்கள், அவ்வளவுதான்.

நேரம், இடம், பாதை மூன்றும் படத்துக்குப் பிடிபடலாம். யாருடைய குரல், எந்த உறவு, என்ன ஏவல் என்பது சொல்லில்தான் இருக்கிறது. நோயாளியின் சொல்லும் ஒரு முறையாக, மற்றவற்றுக்குச் சமமான முறையாகச் சேராதவரை அந்தச் சேர்க்கை அரைகுறையே.

அந்த வீட்டில் ஃபிலிம் உறை பீரோவின்மேல் கிடக்கிறது. மருந்து நடக்கிறது. குரல் என்னடா சொல்லுது என்று அவனை இதுவரை வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.