பாஸ்வேர்டு மாத்த விடாத சர்வரும் தொண்ணூறு நாள் விதியும்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து போன். சம்பளக் கணக்கு பார்க்கிற அக்கா பேசினார்.

"ஏந்தம்பி, பாஸ்வேர்டு மாத்துன்னு கேக்குது. மாத்துனா ஏத்துக்க மாட்டீங்குது. வெளிய தள்ளி உட்ருது."

"கேப்ஸ் லாக் பாருங்கக்கா. பழைய பாஸ்வேர்டைச் சரியா அடிச்சீங்களா?"

"ஒம்பது தடவை அடிச்சுட்டேன் தம்பி."

பத்தாவது தடவையும் அடிக்கச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. நேரில் போய்ப் பார்த்தபோது சர்வரின் டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. இரவில் ஓடும் பேக்கப் பழைய கோப்புகளை அழிக்காமலே சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. நாலு பழைய பேக்கப்பை அழித்ததும் அடுத்த நிமிஷமே பாஸ்வேர்டு மாறியது. ஆனால் கட்டிங், பவர் டேபிள், செக்கிங் ஆட்களெல்லாம் சம்பளத்துக்குக் காத்திருந்த அந்த மூணு மணி நேரமும் திட்டு வாங்கினது அந்த அக்காதான்.

இந்தக் கட்டுரை அந்த எரர் மெசேஜைப் பற்றியும், அதற்குப் பின்னால் இருக்கிற விதியைப் பற்றியும்தான்.

லினக்ஸ் அன்றைக்குச் சொன்னது 'ஆதென்டிகேஷன் டோக்கன் மேனிபுலேஷன் எரர்'. பழைய பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தாலும் இதே வரிதான் வரும். டிஸ்க் நிரம்பினாலும் இதேதான். டிஸ்க் பழுதாகி, எழுத முடியாமல் வாசிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போனாலும் இதேதான். பாஸ்வேர்டு மாற்றும்போது சிஸ்டம் ஷேடோ கோப்பின் புதுப் பிரதி ஒன்றை எழுதி, அதைப் பழையதன் இடத்தில் வைக்கிறது. பிரதி எழுத இடம் இல்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். ஆக, ஆளின் தப்புக்கும் மெஷினின் தப்புக்கும் ஒரே வாசகம். அதைப் படிக்கிற எவரும், நான் உட்பட, முதலில் ஆளைத்தான் சந்தேகப்படுவோம். இது வெறும் மொழிக்குறை இல்லை, பழியை யார் தலையில் போடுவது என்று மெஷின் நமக்குக் காட்டிக்கொடுக்கிற மாதிரி.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "எந்த இடத்துல நிக்குதுங்கக்கா?" பழைய பாஸ்வேர்டு தப்பென்றால் அதை அடித்த உடனே நின்றுவிடும். புதியதை இரண்டு தடவை வாங்கிக்கொண்டு அதற்குப் பிறகு நின்றால் பெரும்பாலும் குற்றம் சர்வரிடம். அப்போது டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 'இன்னும் கொஞ்ச நாள் கழித்து மாற்று' என்று வந்தால் அது குறைந்தபட்ச நாள் விதி. அட்மின் வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றவிடாமல் தடுப்பதும் இதே விதிதான்.

சரி, அன்றைக்கு அவர் ஏன் பாஸ்வேர்டு மாற்ற வேண்டி வந்தது? எதுவும் திருடு போகவில்லை. தொண்ணூறு நாள் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்படி அடிக்கடி மாற்றச் சொல்லும் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்துக்காக பில் பர் 2003-ல் எழுதிய வழிகாட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017-ல் அவரே ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனம் விதியைத் திருப்பி எழுதியது: காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதே, பாஸ்வேர்டு வெளியே போனதற்கு அடையாளம் இருந்தால் மாற்றச் சொல். மைக்ரோசாஃப்டும் 2019-ல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலக்கெடுவை எடுத்துவிட்டது. காரணமும் எளிது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டே புதியவற்றில் 41 சதவீதத்தைச் சில நொடிகளில் கண்டுபிடித்தார்கள். அடிக்கடி மாத்தச் சொன்னா மனுஷன் என்ன பண்ணுவான்? கடைசியில இருக்கற 1-ஐ 2 ஆக்குவான்.

எங்க ஊர்ல அதுக்கும் மேல. கம்பெனி பேரோடு 123 சேர்த்த ஒரே பாஸ்வேர்டை மெர்ச்சண்டைசர், ஸ்டோர், பேக்கிங், அக்கவுண்ட்ஸ் என்று அத்தனை பேரும் பகிர்ந்துகொள்வார்கள். மானிட்டரில் ஒட்டியும் வைப்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிவு வைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் ஆறு பேர் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவு என்ன சொல்லும்? டையிங்குக்குப் போன துணியின் எடையை யாரோ திருத்தியிருப்பார்கள். பழி, அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவர் மேல் விழும். பாஸ்வேர்டு என்பது கம்பெனியை மட்டும் காப்பது இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரையும் காப்பது. 'இதை நான் செய்யவில்லை' என்று சொல்ல அவர் கையில் வேறு சாட்சி கிடையாது.

"இங்க ஆளுக மாறிட்டே இருப்பாங்க தம்பி, மாத்தித்தானே ஆகோணும்?" என்று முதலாளிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் போன ஆளின் கணக்கை அன்றைக்கே மூடினால் போதும். இருக்கிற இருபது பேரைத் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை அலைக்கழிப்பது அதற்கு மாற்று ஆகாது. போனவரும் அந்தப் பொதுப் பாஸ்வேர்டை அறிந்தவர் என்பதால்தான் இவ்வளவு பயம். ஆளுக்கொரு கணக்கு இருந்தால் அந்த பயமே இல்லை.

அந்தக் கம்பெனியில் காலக்கெடுவை எடுத்துவிட்டேன். அதிலும் ஒரு சறுக்கல்: பொது அமைப்புக் கோப்பில் மாற்றினால் அது புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கு மட்டும்தான் பொருந்தும். பழைய கணக்குகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். டிஸ்க் எண்பது சதவீதம் தாண்டினால் என் போனுக்குச் செய்தி வரும்படியும் செய்தேன்.

அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன். "அதை மொதலாளிகிட்டச் சொல்லுங்க தம்பி" என்றார். சொன்னேன்.