உண்டதும் உடலானதும்: ஓரிடத்தான் பகுப்பாய்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: நிலைத்த ஓரிடத்தான், உணவு வலை, கொலாஜன், திணை உணவு, அருமனை

முன்னுரை

கார்பன், நைட்ரசன் ஆகிய தனிமங்களின் நிலைத்த ஓரிடத்தான்களை, அதாவது ஐசோடோப்புகளை அளந்து, உணவு வலையில் சத்து எங்கிருந்து வருகிறது என அறியும் முறை சூழலியலிலும் தொல்லியலிலும் நிலைபெற்றுள்ளது. பண்டைத் தமிழர் உணவைச் சங்கப் பாடல்கள் வழி அறிய முயலும் ஆய்வாளர்க்கு எலும்பும் ஒரு சான்றாகிறது. அச்சான்றைப் படிப்பதில் வேண்டிய எச்சரிக்கையை, தென்னிந்திய யானைகளின் எலும்புகளை ஆராய்ந்து ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் ஆகியோர் 1992இல் 'ஓயிகோலோஜியா' இதழில் வெளியிட்ட கட்டுரை உணர்த்துகிறது. அதனை மதிப்பிட்டு, குமரி மாவட்டத்து அருமனையின் உணவுச் சூழலோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முறையின் அடிப்படை

நெல், பயறு, மரம், செடி, கொடி ஆகியவை சி-3 வகை ஒளிச்சேர்க்கையைக் கொண்டவை. தினை, வரகு, சாமை, கேழ்வரகு, வெப்பமண்டலப் புற்கள் ஆகியவை சி-4 வகையின. முன்னவற்றின் கார்பன்-13 மதிப்பு ஆயிரத்திற்கு -27 அளவிலும், பின்னவற்றினது -13 அளவிலும் அமையும். இவ்வேறுபாடு உண்ணும் உயிரின் உடலிலும் தொடர்கிறது. நைட்ரசன்-15 உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஆயிரத்திற்கு 3 முதல் 4 வரை உயரும்.

யானை எலும்பின் சான்று

யானை பருவத்திற்கேற்பப் புல்லையும் தழையையும் மாறிமாறி உண்பது. உண்ட அளவோடு ஒப்பிடுகையில், எலும்புக் கொலாஜனில் தழையின் கார்பனே மிகுந்திருந்தது. தழையில் புரதம் மிகுதி என்பது இதற்குக் காரணமாகலாம் என ஆசிரியர்கள் கருதினர். மேலும், வளர்ந்த யானைகளின் மதிப்புகள் -16.0 முதல் -20.3 வரை அடங்க, இளம் யானைகளின் மதிப்புகள் -10.5 முதல் -22.7 வரை பரந்திருந்தன. வளரும் எலும்பில் கொலாஜன் விரைந்து புதுப்பிக்கப்படுவதே இதற்குக் காரணம் எனப்பட்டது.

மதிப்பீடு

வாயில் புகுந்ததும் உடலாகியதும் ஒன்றல்ல என்பதைக் காட்டியதே இக்கட்டுரையின் சிறப்பு. புரதம் பற்றிய விளக்கத்தை அது உய்த்துணர்வாகவே முன்வைக்கிறது. சோதனை வழி நிறுவவில்லை. எனினும், எலிகளுக்கு உணவைக் கட்டுப்படுத்தி அளித்து ஆம்புரோஸ், நார் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, கொலாஜனின் கார்பன் பெரிதும் உணவுப் புரதத்திலிருந்தே வருவதைக் காட்டியது. கார்பன் ஒன்றை மட்டுமே சார்ந்திருப்பது யானை ஆய்வின் எல்லை. தழையையும் புல்லையும் பிரிக்க அது போதும். மனித உணவுக்குப் போதாது.

அருமனைச் சூழல்

இப்போதாமையை அருமனை தெளிவாக்குகிறது. ரப்பர், தென்னை, வாழை, பலா, மரச்சீனி என அவ்வூரின் முதன்மைப் பயிர்கள் யாவும் சி-3 வகையின. ஆகவே அரிசிச் சோறு உண்டவரையும் மரச்சீனிக் கிழங்கு உண்டவரையும் கார்பனால் பிரித்தறிய இயலாது. மரச்சீனியில் மாவுச்சத்து மிகுதி. புரதம் மிகக் குறைவு. அதனோடு சேர்த்துண்ணும் கடல்மீனே புரதம் தருவது. எனவே வயிற்றை நிரப்பிய கிழங்கைவிட மீனே எலும்பில் மிகுதியாகப் பதியும். கடல்மீனின் கார்பன் மதிப்பு சி-4 பக்கம் சாய்வதால், கார்பனை மட்டும் காணும் ஆய்வாளர், தினையே உண்ணாத ஒருவரையும் தினை உண்டவராகக் கருதக்கூடும். நைட்ரசன் மதிப்பின் உயர்வே அப்பிழையைத் திருத்த உதவும்.

திணை உணவு ஆய்வில்

முல்லைக்கு வரகு, மருதத்திற்கு நெல் எனும் வகைப்பாட்டை எலும்பில் தேடுவோர்க்கும் இது பொருந்தும். வரகுச் சோற்றோடு அவரையும் துவரையும் உண்டவரின் கொலாஜன், பயற்றின் புரதத்தால் சி-3 பக்கம் சாயும். அதனைக் கண்டு அவரை நெல்லுணவினர் எனல் பிழையாகும். சிறார் எலும்பையும் முதியோர் எலும்பையும் ஒருங்கே வைத்துச் சராசரி காண்பதும் தகாது. வெப்பமண்டல மண்ணில் கொலாஜன் எளிதில் சிதைவதால், அதன் தரத்தைச் சோதித்த பின்னரே மதிப்புகளை ஏற்க வேண்டும்.

முடிவுரை

ஓரிடத்தான் பகுப்பாய்வு உணவுப் பட்டியலைத் தருவதில்லை. உடலைக் கட்டிய சத்தின் வழியையே காட்டுகிறது. பாடலில் இடம்பெறும் உணவு எலும்பில் தென்படாமையைக் கொண்டு பாடல் பொய்யென்றோ, தென்படுவதைக் கொண்டு மெய்யென்றோ உடனே முடிவு கூறுவது பொருந்தாது. அவ்வட்டாரத்தின் பயிர், பயறு, மீன் ஆகியவற்றை முதலில் அளந்து வைத்துக்கொண்டு எலும்பை அணுகுவதே முறையாகும்.