ஒரே இதழில் இரு கண் சிகிச்சைகள்

2017-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் வெளிவந்த ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் அமெரிக்க மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து அச்சாகியிருந்தன. இரண்டும் ஒரே கண் நோயைப் பற்றியவை. இரண்டிலும் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல் வருகிறது. முதற் கட்டுரை ஜப்பானிலிருந்து வந்தது. மற்றது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்ததைக் கூறுவது. ஸ்டெம் செல் சிகிச்சையைப் பற்றி விளம்பரங்களில் படித்துவிட்டு, “இதை நம்பலாமா?” என்று ஐயுறும் வாசகரா நீங்கள்? அப்படியானால் இவ்விரண்டையும் ஒருசேர எடை போட்டுப் பாருங்கள்.

குருத்தணு என்பது யாது?

நம் உடலிலுள்ள உயிரணுக்களில் பெரும்பாலானவை தத்தம் தொழிலில் நிலைபெற்றுவிட்டவை. நரம்பணு தசையணு ஆவதில்லை. ஆனால் சில அணுக்கள் தம்மைப் போன்ற அணுக்களையும் உண்டாக்கும். தொழில் கற்ற வேறு அணுக்களையும் உண்டாக்கும். இவையே ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணுக்கள் என்பர். எலும்பு மஜ்ஜையில் இத்தகைய அணுக்கள் இருப்பதை 1961-இல் கனடாவைச் சேர்ந்த டில், மக்கல்லக் ஆகிய இருவரும் எலிகளில் செய்த சோதனைகளால் காட்டினர்.

ஆனால் மஜ்ஜையின் குருத்தணு இரத்த அணுக்களைத்தான் தரும், விழித்திரையைத் தராது. 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா, எலியின் தோலிலிருந்து எடுத்த அணுக்களில் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, அவற்றை ஏறக்குறையக் கருநிலைக்கே திருப்பினார். மறு ஆண்டு மனித அணுக்களிலும் இது கைகூடியது. 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வாறு திருப்பப்பட்ட அணுவை வேண்டிய வகை அணுவாக வளர்க்க முடியும்.

ஆகவே ‘ஸ்டெம் செல்’ என்பது பல்வேறு திறனுள்ள அணுக்களுக்குப் பொதுப்பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

கோபே நகரில் நடந்தது

முதுமையில் வரும் மாக்குலா சிதைவு என்பது நம் விழித்திரையின் நடுப்பகுதியைத் தாக்கும் நோய். ஒளியை உணரும் அணுக்களுக்கு ஊட்டமளித்து வரும் நிறமி அணுப்படலம் இதில் சீர்கெடுகிறது. நேரே பார்க்கும் பார்வை மங்கி, படிப்பதும் முகங்களை அடையாளம் காண்பதும் அரிதாகின்றன. நோயின் ஒரு வகையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. கசிவை ஊசி மருந்தால் தடுக்கலாம். அழிந்த அணுக்களை மருந்து மீட்டுத் தருவதில்லை.

2014 செப்டம்பரில் கோபே நகரில் மசாயோ தக்காஹாஷியின் குழுவினர் இந்நோயுள்ள 77 வயது மூதாட்டி ஒருவருக்குச் சிகிச்சை செய்தனர். அவருடைய தோலணுக்களை யமனாக்கா முறையில் திருப்பி, நிறமி அணுக்களாக வளர்த்தனர். 1.3 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறு படலத்தை ஒரு கண்ணில் மட்டும் வைத்தனர். ஓராண்டுக்குப் பின்னும் படலம் சிதையாமல் இருந்தது. பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை.

இரண்டாவது நோயாளிக்கும் அணுக்கள் ஆயத்தமாயின. ஆனால் அவற்றின் மரபுப் பொருளில் சில துண்டுகள் விடுபட்டிருப்பது சோதனையில் தெரிந்தது. அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது.

ஃபுளோரிடாவில் நடந்தது

இதே நோயுள்ள மூன்று மூதாட்டியர், 72 முதல் 88 வயது வரையுள்ளவர்கள், ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குச் சென்றனர். வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து பிரித்த அணுக்களை ‘ஸ்டெம் செல்’ என்று சொல்லி, இரு கண்களிலும் ஒரே நாளில் ஊசி வழியாகச் செலுத்தினர். ஒவ்வொருவரும் 5,000 டாலர் கட்டணம் செலுத்தினர். இத்தகைய ஆய்வு ஒன்று அரசின் பதிவேட்டில் இடம் பெற்றிருந்தது. ஆனால் நோயாளிகளிடம் கொடுத்த தாள்களில் ஆய்வு என்ற பேச்சே இல்லை.

சில நாட்களுக்குள் கண்களில் இரத்தப் பெருக்கும் விழித்திரைப் பிரிவும் ஏற்பட்டன. சிகிச்சைக்கு முன் இவர்களில் நல்ல பார்வையுடைய கண், மற்றவர் 30 அடியிலிருந்து காண்பதை 20 அடியிலிருந்து கண்டது. ஓராண்டுக்குப் பின், மிகச் சிறந்த கண்ணுக்கே மற்றவர் 200 அடியிலிருந்து காண்பது 20 அடியில்தான் தெரிந்தது. மிக மோசமான கண்ணுக்கு ஒளி இருப்பதே தெரியவில்லை.

நம் மதிப்பீடு

பயனை மட்டும் பார்ப்பவர், “ஜப்பானிலும் பார்வை மேம்படவில்லையே, அதுவும் தோல்விதானே?” என்று கேட்கலாம். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: இப்படலம் கண்ணில் தீங்கின்றி நிலைக்குமா? அதற்கு மட்டும் விடை தேடினர். கிடைத்த விடையைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினர். ஐயம் எழுந்ததும் கையை எடுத்தனர். நிறுத்தும் துணிவு விஞ்ஞானத்தின் பெருமைகளுள் ஒன்று.

குறையும் உண்டு. ஒரே நோயாளியைக் கொண்டு பொது முடிவு எதுவும் கூற இயலாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அணு வளர்ப்பது காலத்தையும் பணத்தையும் விழுங்கும். இதனாலேயே அக்குழுவினர் 2017-இல் பிறர் தந்த அணுக்களிலிருந்து வளர்த்தவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

ஃபுளோரிடா சிகிச்சையின் பிழை அளவில் மட்டும் வேறுபட்டதன்று, அடிப்படையிலேயே உள்ளது. கொழுப்பிலிருந்து எடுத்த அணு கண்ணுக்குள் போய் விழித்திரையாகும் என்பதற்குச் சான்று எங்கே? சோதிக்கப்படாத ஒன்றை இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தினால், தவறு நேரும்போது மிஞ்சுவது என்ன? ஒரு கண்ணை விட்டுவைத்திருந்தால் எஞ்சிய பார்வையேனும் பிழைத்திருக்கும்.

பழியில் ஒரு பங்கு செய்தித்தாள்களுக்கும் உண்டு. ஆய்வுக்கூடச் செய்தி ஒவ்வொன்றையும் ‘அற்புதம்’ என்று அச்சிடும்போது, அந்தச் சொல்லை விற்பவருக்குச் சந்தை தயாராகிவிடுகிறது.

அப்படியானால் நம்பிக்கைக்கே இடமில்லையா? நிறைய உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இரத்தப் புற்று நோயாளிகள் பலரைக் காப்பாற்றி வருகிறது. சுண்ணாம்போ அமிலமோ பட்டு வெந்த கண்ணுக்கு, கருவிழியின் விளிம்பிலுள்ள குருத்தணுக்களை வளர்த்து வைத்துப் பார்வை தருகின்றனர். இத்தாலியில் 112 நோயாளிகளிடம் இதைச் செய்து, 76.6 சதவீதக் கண்களில் வெற்றி கண்டதை 2010-இல் அறிவித்தனர். 2018-இல் லண்டனில் மாக்குலா சிதைவுள்ள இருவர், கருக் குருத்தணுவிலிருந்து வளர்த்த படலத்தைப் பெற்றபின் முன்னைவிட 29, 21 எழுத்துகள் கூடுதலாகப் படித்தனர். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இரத்தம் உறையாக் குறையுள்ள ஐவரின் சொந்தக் குருத்தணுக்களில் நல்ல மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திக் கிடைத்த நற்பலன் 2024 டிசம்பரில் வெளியாயிற்று. இவை யாவும் மெல்ல, கணக்கு வைத்து நடந்த வேலைகள்.

எனவே விளம்பரம் ஒன்றைக் காணும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த அணு? அது இந்த நோயைத் தீர்க்கும் என்பதற்கு என்ன சான்று? முன்னர் எத்தனை பேருக்குச் செய்து, தீமைகளையும் சேர்த்து எங்கே வெளியிட்டனர்? இது ஆய்வாயின், நோயாளியிடம் பணம் கேட்பது ஏன்? நான்குக்கும் நேரான விடை தராதவரிடம், உங்கள் வீட்டுப் பெரியவரின் கண்ணை ஒப்படைக்காதீர்கள்.