பகலில் மின்னும் குரோம், இரவில் மங்கும் சாலை

பழைய அம்பாசடரில் ஹெட்லைட் மங்கிவிட்டால் பலரும் செய்வது ஒன்றுதான். டூமைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரைக் குரோம் முலாம் போடக் கொடுத்துவிடுவார்கள். பம்பருக்கு முலாம் போடுகிற பட்டறையிலேயே இதற்கும் போட்டுத் தருவார்கள். என்னுடைய 1984 மார்க் 4-க்கு நானும் அதைத்தான் செய்தேன். வாங்கி வந்த அன்று வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தபோது என் முகத்தில் இருந்த மச்சம் வரை தெரிந்தது. அன்றிரவே திண்டிவனம் சாலையில் ஓட்டினேன். ஓரத்து வெள்ளைக் கோடு நான்கு கார் நீளத்துக்கு அப்பால் கரைந்துபோயிற்று. பட்டறைக்காரர் வேலையில் குறையில்லை, முலாம் நேர்த்தியாகவே இருந்தது. குறை குரோமிலேயே இருக்கிறது.

கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவது வேறு, விழுந்த வெளிச்சத்தைத் திருப்பித் தருவது வேறு. குரோம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதத்தைத்தான் திருப்பும். வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைத்த அலுமினியம் 85 முதல் 90 சதவீதம் திருப்பும். அதாவது பழுதில்லாத அலுமினிய ரிஃப்ளெக்டரோடு ஒப்பிட்டால், புத்தம்புதுக் குரோம் போட்ட அன்றைக்கே கிட்டத்தட்ட முப்பது சதவீத வெளிச்சத்தை இழந்துவிடுகிறோம். குரோம் உரியாது, கழுவலாம், பல வருடம் நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தராத ஒன்று பல வருடம் நிற்பதால் ஓட்டுபவருக்கு என்ன லாபம்? கண்காட்சிக்கு மட்டும் போய்வரும் வண்டி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெள்ளி முலாம் அலுமினியத்தையும் மிஞ்சும், 95 சதவீதத்தைத் தொடும். ஆனால் காற்றில் உள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். துடைக்கத் துடைக்கத் தேயும்.

துடைப்பது என்றதும் இதையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் படிய வைக்கும் அலுமினியப் படலம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். நம் தலைமுடி அதைவிடப் பல நூறு மடங்கு தடிமன். அடுத்த டூமில் லேசான மங்கல்தானே என்று பழைய வேட்டித் துணியால் ஒரே ஒரு சுற்றுத் துடைத்தேன். துணியில் சாம்பல் நிறக் கறை ஒட்டியது. ரிஃப்ளெக்டரில் துணி போன வழியெல்லாம் மஞ்சள் அரக்குப் பூச்சு தெரிந்தது. பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தூசி இருந்தால் காற்றடித்து ஊதுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

ஸ்ப்ரே பெயின்ட், ஒட்டும் ஃபாயில் இரண்டையும் நீண்ட நேரம் எடைபோட வேண்டியதில்லை. பெயின்டில் இருக்கும் உலோகத் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கும். குழிவான பரப்பில் ஃபாயில் சுருக்கமில்லாமல் படியாது, பல்புச் சூட்டில் பசையும் இளகும்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். லோ பீம் எரியும்போது பல்புக்குள் இருக்கும் சின்னத் தகட்டுக் கிண்ணம் இழையின் அடிப்பக்கத்தை மறைத்துவிடுகிறது. அதனால் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டுச் சாலைக்கு இறங்குகிறது. பல்பின் சூடும் மேலே ஏறி அந்த மேல் பாதியைத்தான் முதலில் கருக்குகிறது. கீழ்ப் பாதி பளிச்சென்று இருக்கிறதே என்று சமாதானப்பட்டுக்கொண்டால், ஊருக்குள் நாம் தினமும் போடுகிற லோ பீம் முக்கால்வாசி செத்துவிட்டதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். சைக்கிளில் வருகிறவரைக் கடைசி நொடியில் பார்க்க நேர்வது அதனால்தான்.

ஆனால் பழி முழுவதையும் ரிஃப்ளெக்டர்மேல் போடுவதும் நியாயமில்லை. எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் அளந்தேன். பேட்டரி முனையில் 13.6 வோல்ட், பல்பின் பின்னில் 12.1. ஒன்றரை வோல்ட் பழைய ஸ்விட்சிலும் துருப்பிடித்த எர்த்திலும் தொலைந்துபோயிருந்தது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் இறங்கும். குரோமால் இழப்பதும் அதே அளவுதான். என் வண்டி இரண்டையும் சேர்த்து இழந்து, பாதி வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ரிலே வைத்து, தடிமனான ஒயர் இழுத்து, எர்த்தைச் சுரண்டிப் போட்டதில் வந்த மாற்றம், குரோமுக்குக் கொடுத்த பணத்தில் வரவில்லை. இதைச் செய்யாமல் 100 வாட் பல்பு மாட்டுவது பழைய ஸ்விட்சையும் ஒயரிங்கையும் எரிக்கும் வேலை, மிச்சமிருக்கும் ரிஃப்ளெக்டரையும் சேர்த்து.

ஆகவே என் முடிவு இது. டூமைத் தொடும் முன் வோல்டேஜை அளக்க வேண்டும். அதன் பிறகும் மங்கல் என்றால், அம்பாசடர்காரர் புது டூம் வாங்குவதே சரி. அதன் ஏழு அங்குல வட்ட அளவு இன்றும் கிடைக்கிறது, ஒரு டேங்க் பெட்ரோல் விலைகூட ஆகாது. வெற்றிட அலுமினியப் பூச்சு, மாற்று லைட்டே கிடைக்காத வண்டிகளுக்கு மட்டுமே செலவுக்குத் தகும். அதிலும் பொம்மைக்கும் கோப்பைக்கும் பூசுகிற இடத்தில் கொடுக்கிறீர்கள் என்றால், மேலே அடிக்கிற கிளியர் பூச்சு ஹாலஜன் சூட்டைத் தாங்குமா என்று கேட்டுக் கொடுங்கள். துருவில் குழி விழுந்த ரிஃப்ளெக்டருக்கு அதுவும் வீண்; படலம் குழியை நிரப்பாது.

புது டூம் எல்லாமே நல்லதென்றும் சொல்ல மாட்டேன். மாட்டியதும் வண்டியை ஒரு வெள்ளைச் சுவருக்கு எதிரே நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு போட்டதுபோல் நின்று, இடது பக்கம் மட்டும் சரிவாக ஏற வேண்டும். வலது பக்கம் ஏறினால் அது வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்குச் செய்தது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.